மழையை இழுத்து வரும் வெயில்: அரிசோனா பாலைவனத்தில் ஒரு பருவமழை

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும்தான் நினைவுக்கு வரும். மழை நினைவுக்கு வராது. ஆனால் அமெரிக்காவின் அரிசோனாவிலும் அதை ஒட்டிய வடமேற்கு மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் சொனோரா பாலைவனத்தில் ஆண்டு தவறாமல் ஒரு பருவமழைக் காலம் வருகிறது. அதுவும் வெயில் உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். அங்கிருக்கும் டூசான் நகரத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை சராசரியாக 270 மி.மீ. மட்டுமே. அதில் பாதிக்கு மேல் இந்தக் கோடைப் பருவத்தில் வந்துவிடுகிறது.

இவ்வளவு வெயிலில் மழை எப்படி வருகிறது என்று கேட்கத் தோன்றும். அந்த வெயில் இருப்பதால்தான் வருகிறது. வெயிலும் மழையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தால் இந்த ஊரின் வானம் புரியவே புரியாது. இரண்டுக்கும் நடுவில் மலை என்று ஒரு மூன்றாவது ஆள் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மான்சூன் என்பது மழையின் பெயர் அல்ல. பருவம் என்று பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. ஒரு பருவத்தில் ஒரு திசையிலிருந்து வீசும் காற்று, அடுத்த பருவத்தில் திசை மாறி வீசுவதுதான் மான்சூன். தமிழில் பருவக்காற்று என்கிறோமே, அதுதான் சரியான சொல். மழை அந்தக் காற்றோடு கூட வருவது. நம் நாட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றோடு ஒப்பிட்டால் அரிசோனாவில் வீசுவது மிகவும் சிறியது. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம்தான்.

ஜூன்: காய்ந்து கிடக்கும் மாதம்

டூசானில் ஜூன் மாதப் பிற்பகல் என்றால் 38, 40 டிகிரி செல்சியஸ் சாதாரணம். 1990 ஜூன் 26 அன்று அங்கே 47 டிகிரியைத் தொட்டது. அதே நாளில் வடக்கே உள்ள ஃபீனிக்ஸ் நகரத்தில் 50 டிகிரி. இரண்டு ஊர்களிலும் இன்றுவரை அதுதான் உச்சம். காற்றில் ஈரம் என்பதே இருக்காது. ஒப்பு ஈரப்பதம் பல நாட்களில் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். வியர்வை வருவது கண்ணுக்கே தெரியாது, தோலுக்கு வந்த உடனே காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரிந்த பிறகுதான் உடம்பு எவ்வளவு தண்ணீரை இழந்திருக்கிறது என்று புரியும். தாகம் எடுக்கும்போது குடிக்கலாம் என்று காத்திருப்பது இங்கே ஆபத்து.

இந்தச் சூட்டில் தரை காய, தரையை ஒட்டிய காற்றும் காய்கிறது. சூடான காற்று விரிந்து இலேசாகி மேலே போகிறது. அதனால் தரை மட்டத்தில் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்துக்குச் சுற்றிலுமிருந்து காற்று ஓடி வரும் அல்லவா? அது எங்கிருந்து ஓடி வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஜூன் வரைக்கும் மேற்கிலிருந்துதான் காற்று. கலிஃபோர்னியாக் கரையை ஒட்டிய பசிபிக் கடல் குளிர்ந்த கடல், அங்கிருந்து வரும் காற்றில் ஈரம் குறைவு. ஜூலை நெருங்கும்போது உயரத்தில் ஒரு மாற்றம் நடக்கிறது. தெற்கே மெக்சிகோவின் மேல் இருந்த ஓர் உயர் அழுத்தப் பகுதி மெல்ல வடக்கே நகர்ந்து, அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா, கொலராடோ ஆகிய நான்கு மாநிலங்களும் சந்திக்கும் மூலையை ஒட்டி வந்து அமர்கிறது. பூமியின் வடபாதியில் உயர் அழுத்தப் பகுதியைச் சுற்றிக் காற்று கடிகார முள் போகும் திசையில் சுழலும். ஒரு தாளில் வட்டம் போட்டு, முள் போகும் திசையில் அம்புக்குறிகளை வரைந்து பாருங்கள். வட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் அம்பு கிழக்கிலிருந்து மேற்கே போகும். அந்தக் கீழ்ப்பக்கத்தில்தான் டூசான் இருக்கிறது. அதாவது, நேற்றுவரை மேற்கிலிருந்து வீசிய காற்று இன்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசத் தொடங்குகிறது.

அந்தக் காற்று மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தை உயரத்தில் சுமந்துகொண்டு வருகிறது. தாழ்வான மட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. மெக்சிகோ நிலப்பரப்புக்கும் பாஹா தீபகற்பத்துக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் கலிஃபோர்னியா வளைகுடா, கோடையில் 30 டிகிரி வரை சூடேறிக் கிடக்கும். தெற்கே ஒரு புயலோ மழைக்கூட்டமோ கடந்தால், வளைகுடாவின் ஈரக்காற்று ஒரு குழாய்க்குள் தள்ளிவிட்டது போல வடக்கே பாய்ந்து பாலைவனத்துக்குள் நுழையும்.

ஈரம் வந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? குளிர்ந்த தண்ணீர் உள்ள சொம்பின் வெளிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோர்க்கும் அல்லவா? எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் அப்படி நீராக மாறுமோ, அதற்குப் பனிநிலை என்று பெயர். காற்றில் ஈரம் கூடக் கூடப் பனிநிலையும் உயரும். டூசானில் சராசரிப் பனிநிலை தொடர்ந்து மூன்று நாள் சுமார் 12 டிகிரியைத் தொட்டால் பருவமழை தொடங்கிவிட்டது என்று முன்பெல்லாம் கணக்கு வைத்திருந்தார்கள். 2008 முதல் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம் என்று தேதி குறித்துவிட்டார்கள். மக்கள் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும் என்பதற்காக. ஆனாலும் பழைய கணக்குதான் எனக்குப் பிடித்தது. வானம் தன் தேதியைத் தானே சொல்லும் கணக்கு அது.

மலை என்ன செய்கிறது?

ஈரம் மட்டும் வந்தால் மழை பெய்துவிடாது. ஈரக்காற்றை யாராவது மேலே தூக்க வேண்டும். மேலே போனால்தான் அது குளிரும், குளிர்ந்தால்தான் மேகமாகும். இங்கே அந்த வேலையைச் செய்வது மலை.

டூசானின் வடக்கில் சான்டா கேட்டலினா என்ற மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. நகரம் சுமார் 730 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தொடரின் உச்சியான மவுண்ட் லெமன் 2,791 மீட்டர். அடிவாரத்தில் ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு வளர்ந்த சகுவாரோ கள்ளிகள். காரில் ஒரு மணி நேரம் ஏறினால் பைன் மரக்காடு. வெப்பநிலையும் ஏறக்குறைய 15 டிகிரி குறைந்துவிடும். கீழே 40 டிகிரியில் தகிக்கும் நாளில் மேலே உலாவப் போகலாம். பாலைவனக் கடலுக்கு நடுவே தீவுகள் போல நிற்பதால் இப்படிப்பட்ட மலைகளை 'வானத் தீவுகள்' என்று அழைக்கிறார்கள்.

மேலே குளிர்ச்சி என்றால், காற்று அங்கே எப்படிச் சூடாகி எழும் என்று சந்தேகம் வரலாம். நல்ல கேள்வி, முழு விஷயத்தின் சாவியும் இதில்தான் இருக்கிறது. மலைச்சரிவில் 2,500 மீட்டர் உயரத்தில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெயில் பட்டுப் பாறை காய்கிறது, பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் காய்கிறது. அதே 2,500 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்குக்கு மேலே அந்தரத்தில் இருக்கும் காற்றுக்கு அடியில் தரை கிடையாது. அதைச் சூடாக்க ஆள் இல்லை. ஆக, ஒரே உயரத்தில் மலையை ஒட்டிய காற்று சூடு, அந்தரத்துக் காற்று அதைவிடக் குளிர்ச்சி. சூடான காற்று சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். கீழேயிருந்து புதிய காற்று அந்த இடத்தை நிரப்ப வரும். அதுவும் ஏறும். மலை என்பது பரண்மேல் ஏற்றி வைத்த அடுப்பு மாதிரி.

இது ஒரு மலையின் கதை. மெக்சிகோவின் மேற்கு ஓரமாக நீளும் சியர்ரா மாத்ரே ஒக்சிதென்தால் என்ற பெரிய மலைத்தொடரிலும் இதுவே பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு நடக்கிறது. மழை ஜூனில் அந்தத் தொடரின் தெற்கே தொடங்கி, மலையோரமாகவே வடக்கே ஏறி வந்து, ஜூலைத் தொடக்கத்தில் அரிசோனாவை அடைகிறது. இதில் ஒரு விவாதமும் இருக்கிறது. மலை சூடாவதைவிட, மேற்கிலிருந்து வரும் உயரக் காற்றை மலைத்தொடர் வழிமறித்து வளைத்து மேலே தள்ளுவதுதான் இந்தப் பருவமழைக்கு முக்கியக் காரணம் என்று 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு வாதிட்டது. சூடாக்குவதோ தடுப்பதோ, எப்படிப் பார்த்தாலும் மலை இல்லாவிட்டால் இந்த மழை இல்லை.

ஜூலை மாதத்து ஒரு நாள்

காலை எட்டு மணி. வானம் துடைத்து வைத்த மாதிரி நீலம். மேகம் பெயருக்குக்கூட இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள், இன்று மழைக்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

பத்தரை, பதினொன்று மணிக்கு மலை உச்சிக்கு மேல் மட்டும் பஞ்சு போல ஒரு மேகம் தெரியும். நகரத்தின் மேல் எதுவும் இருக்காது. பஞ்சு பூக்கோசு ஆகும். பூக்கோசு கோபுரமாகும். ஒரு மணிக்கு அதன் அடிப்பாகம் கறுத்துவிடும். இரண்டு மணிக்கு மலையில் முதல் இடி. இப்போதும் நகரத்தில் சுட்டெரிக்கும் வெயில்தான்.

கோபுரத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் கூந்தலை விரித்துவிட்ட மாதிரி மழைத்தாரைகள் தொங்கும். உற்றுப் பார்த்தால் அவை தரையைத் தொடாது, பாதி வழியிலேயே மறைந்துவிடும். கீழே உள்ள வறண்ட காற்று மழையைக் குடித்துவிடுகிறது. நனைந்த துணி காயும்போது குளிர்ச்சி தருவது போல, மழைத்துளி ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்று கனமாகும். கனமான காற்று கீழே விழும். கல் விழுவது போல நேராக விழுந்து, தரையில் மோதி, நாலா பக்கமும் பரவும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல்கூட வேகம் இருக்கும். மரங்களும் மின்கம்பங்களும் சாய்வது பெரும்பாலும் இந்தக் காற்றால்தான்.

நகரத்தில் நிற்பவருக்கு முதலில் வருவது மழை அல்ல, இந்தக் காற்று. மாலை நான்கு மணி வாக்கில் திடீரென்று முகத்தில் குளிர்ச்சி அடிக்கும். பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி இறங்கிவிடுவதும் உண்டு. அப்புறம் ஒரு வாசனை. மண்வாசனை மாதிரி, ஆனால் அதைவிடக் காரமானது. கிரியோசோட் என்ற சிறு இலைப் புதரின் இலைகளில் இருக்கும் பிசின் ஈரத்தில் நனையும்போது எழும் வாசனை அது. பாலைவனம் முழுக்க அந்தப் புதர்தான். எங்கோ தூரத்தில் பெய்யும் மழையின் வாசனையைக் காற்று முன்னாலேயே கொண்டு வந்துவிடும். அப்புறம் பெரிய பெரிய துளிகளாக நாலைந்து. அப்புறம் சோவென்று கொட்டும். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். பக்கத்துத் தெருவில் ஒரு சொட்டுகூட விழாமல் போகலாம்.

மழை இல்லாத இடத்தில் வரும் ஆபத்து

பரவி ஓடும் அந்தக் குளிர்காற்று, காய்ந்த நிலத்தின் புழுதியை வாரிக்கொண்டால் புழுதிச் சுவர் எழும். சூடானில் வழங்கும் 'ஹபூப்' என்ற அரபுப் பெயரையே இங்கும் சொல்கிறார்கள். 2011 ஜூலை 5 அன்று டூசான் பக்கத்து இடிமழையிலிருந்து கிளம்பிய காற்று வடமேற்கே ஓடி, 1,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த புழுதிச் சுவராக ஃபீனிக்ஸ் நகரத்தை மூடியது.

காற்று தீயைச் சந்தித்தால் இன்னும் கொடுமை. பருவம் தொடங்கும் நாட்களில் மின்னல் விழும், மழை தரையை எட்டாது, காடு சருகாகக் காய்ந்திருக்கும். 2013 ஜூனில் யார்னெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் அப்படி மின்னல் விழுந்துதான் தீப்பிடித்தது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 30 அன்று, பக்கத்தில் உருவான இடிமழையிலிருந்து பாய்ந்த காற்று தீயின் திசையையே திருப்பிவிட்டது. அதில் 19 தீயணைப்பு வீரர்கள் இறந்துபோனார்கள்.

வெள்ளமும் அப்படித்தான். பாலைவன மண்ணுக்குக் கீழே பல இடங்களில் சுண்ணாம்பு இறுகிப் போன கெட்டியான அடுக்கு உண்டு. தண்ணீர் உள்ளே இறங்காது. மலைமேல் பெய்த மழை அப்படியே சரிவில் வழிந்து, ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணலாகக் கிடக்கும் ஓடைகளில் பாய்கிறது. முதலில் குச்சியும் நுரையும் சேறும் கலந்த ஒரு விளிம்பு, அதற்குப் பின்னால் வெள்ளம். 1997 ஆகஸ்ட் 12 அன்று வடக்கு அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யன் என்ற மிகக் குறுகிய பாறை இடுக்கில் 11 பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை இல்லை. பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை அது.

காடு எரிந்த மலையில் இது பல மடங்காகும். மரமும் புல்லும் போன பிறகு தண்ணீரைத் தடுக்க எதுவுமில்லை. எரிந்த மண்ணின் மேற்பரப்பு மெழுகு பூசியது போல நீரைத் தள்ளிவிடும். நியூ மெக்சிகோவில் மலை நடுவே இருக்கும் ருய்டோசோ என்ற ஊரைச் சுற்றி 2024 ஜூனில் காடு எரிந்தது. 2025 ஜூலை 8 அன்று அந்த எரிந்த சரிவுகளில் பருவமழை கொட்டியது. ஊர் நடுவே ஓடும் சிற்றாற்றின் நீர்மட்டம் ஆறு மீட்டரைத் தாண்டியது, மூன்று பேர் இறந்தார்கள்.

அதனால் அங்கே போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். தலைக்கு மேலே பார்க்காதீர்கள், மலையைப் பாருங்கள். மலையில் மேகம் கறுத்திருந்தால் ஓடைக்குள் இறங்க வேண்டாம். உச்சிக்குப் போகிறவர்கள் நண்பகலுக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடினால் காரை விடக் கூடாது. 30 செ.மீ. ஆழத்துக்கு ஓடும் தண்ணீர் ஒரு சின்னக் காரை நகர்த்திவிடும். தடுப்பைத் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டால், மீட்கும் செலவை ஓட்டியவரிடமே வாங்கலாம் என்று அரிசோனாவில் சட்டமே இருக்கிறது.

மழை வராத ஆண்டு

வெயில் மழையை இழுக்கும் என்றேன். சில ஆண்டுகளில் இழுக்க முடியாமல் போகிறது. நான்கு மாநில மூலையை ஒட்டி வந்து உட்கார வேண்டிய அந்த உயர் அழுத்தப் பகுதி, நகராமல் தலைக்கு நேர் மேலேயே நின்றுவிட்டால் கதை மாறிவிடும். அதன் நடுப்பகுதியில் காற்று கீழ்நோக்கி அழுந்தும். அழுந்தும் காற்று சூடாகும், மேகத்தை எழ விடாது. அரிசிப் பானைமேல் மூடி போட்ட மாதிரி.

ஃபீனிக்ஸ் நகரத்தில் 2023இல் நடந்தது அதுதான். ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ந்து 43 டிகிரிக்கு மேல். ஜூலை 19 அன்று விடியற்காலையில்கூட 36 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. அந்தப் பருவமழைக் காலம் முழுவதும் அங்கே பெய்தது 4 மி.மீ. கூட இல்லை. ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா மாவட்டத்தில் அந்த ஆண்டு 645 பேர் வெப்பத்தோடு தொடர்புடைய காரணங்களால் இறந்தார்கள். வெள்ளமும் புழுதியும் படமாகக் கண்ணில் படுகின்றன. வெயிலில் இறந்தவர்கள் அப்படித் தெரிவதில்லை. வீடில்லாதவர்கள், வயதானவர்கள், ஏசி பழுதான வீட்டில் தனியாக இருந்தவர்கள். இதைப் படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போனது.

இரவு ஏன் குளிரவில்லை? வறண்ட பாலைவனத்தில் இருட்டியதும் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும், விடியலில் குளிரும். ஆனால் நகரத்தின் தாரும் கான்கிரீட்டும் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் வெளியே விடுகின்றன. மழை பெய்யாவிட்டாலும் ஈரம் மட்டும் வந்திருந்தால் அதுவும் போர்வை மாதிரி சூட்டைத் தடுக்கும். வெக்கை போய்ப் புழுக்கம் வரும்.

இந்த வித்தியாசத்தை அங்கே வீடுகளில் உள்ள ஏர் கூலரே சொல்லிவிடும். நம் ஊரில் விற்கும் அதே வகைதான், நனைந்த அட்டை வழியாகக் காற்றை இழுத்துக் குளிர வைப்பது. ஜூனில் அருமையாக வேலை செய்யும். ஜூலையில் ஈரக்காற்று வந்ததும் அட்டையில் தண்ணீர் காயாது, அறைக்குள் ஈரம்தான் நிறையும். சென்னையில் கூலர் வாங்கி ஏமாந்தவர்களுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம்.

ஒரு வருடம் இப்படி என்றால் அடுத்த வருடம் வேறு மாதிரி. டூசானில் 2020 பருவமழைக் காலம் முழுவதும் பெய்தது சுமார் 41 மி.மீ. 2021 ஜூலை மாதம் மட்டும் 205 மி.மீ. அந்த நகரத்தின் பதிவுகளிலேயே மிக அதிகம் மழை பெய்த மாதம் அது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது பிடித்து வைக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். பூமி சூடாக ஆக, பெய்யாத நாட்களில் மண் வேகமாகக் காயும், பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும்.

காத்திருப்பவர்கள்

இந்த நிலத்தின் பூர்வகுடிகளான டோஹோனோ ஓஓதாம் மக்களுக்குப் புத்தாண்டு பிறப்பது இந்த வெயிலில்தான். ஜூன் மாதக் கடைசியில், பாலைவனமே கருகிக் கிடக்கும்போது, சகுவாரோ கள்ளியில் சிவந்த பழம் பழுக்கும். காய்ந்த சகுவாரோவின் உள்தண்டுக் கழிகளை இணைத்து நீளமான தொரட்டி செய்து பறிக்கிறார்கள். பழத்தைக் காய்ச்சிப் பாகாக்கி, அதைப் புளிக்கவைத்து, மழையை அழைக்கும் சடங்கில் எல்லோரும் சேர்ந்து அருந்துகிறார்கள். மலையிலிருந்து ஓடை வந்து விரியும் வாயில் பயறு விதைத்து, வெள்ளத்தையே பாசனமாக்கிப் பயிர் செய்தவர்கள் அவர்கள். வெள்ளம் எந்த வழியாக வரும் என்று தெரிந்தவர்கள் அதன் நடுவில் வீடு கட்டவில்லை, ஓரத்தில் விதைத்தார்கள்.

மண்ணுக்கு அடியிலும் ஓர் உயிர் காத்திருக்கிறது. பின்னங்காலில் மண்வெட்டி போன்ற கறுப்பு விளிம்புள்ள ஒரு வகைத் தேரை. ஆண்டில் எட்டு, பத்து மாதம் மண்ணுக்குள் புதைந்தே கிடக்கும். முதல் பெருமழையின் அதிர்வு மண்ணில் இறங்கியதும் தோண்டிக்கொண்டு மேலே வரும். அன்றைக்கு ராத்திரியே சாலையோரக் குட்டைகளில் ஆட்டுக்குட்டி கத்துவது போல ஆண் தேரைகளின் குரல் கேட்கும். முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். மறுநாள் காலையிலிருந்து வெயில் குட்டையைக் குடிக்கத் தொடங்கும். குட்டை சுருங்கச் சுருங்கத் தண்ணீர் சூடாகும், சூடாக ஆகத் தலைப்பிரட்டைகள் வேகமாக வளரும். எட்டு, ஒன்பது நாளில் கால் முளைத்து, விரல்நகம் அளவு தேரைகளாகச் சேற்றிலிருந்து ஏறி வந்து, ஈரம் இருக்கும் இடமாகப் பார்த்து மண்ணைத் தோண்ட ஆரம்பித்துவிடும்.